தங்கவயலில் கிடக்கிற தாள்கள்



'அறிய வேண்டிய வரலாற்று மனிதர்களும் இடங்களும்' என்று தலைப்புக் கொடுத்து, இருபது நிமிஷம் என்றும் சொல்லிவிட்டார்கள். பட்டியல் வாசிக்க எனக்கு இஷ்டமில்லை. ஒரே ஓர் ஊரைப் பற்றிப் பேசிவிட்டு உட்கார்ந்துவிடுகிறேன். கோலார் தங்கவயல்.

வங்கியில் நகைக்கடன் பிரிவில் எனக்கு வேலை. மதிப்பீட்டாளர் உரசிப் பார்த்து எடை சொல்லுவார், நான் எழுதுவேன். எழுதும்போதெல்லாம் அம்மாவைப் பெற்ற தாத்தா ஞாபகம் வரும். சாம்பியன் ரீஃப் சுரங்கத்தில் பூமிக்கடியில் முப்பது வருஷம் வேலை பார்த்தவர். சின்ன வயசில் கேட்டிருக்கிறேன்: "தாத்தா, நீ தங்கத்தைப் பாத்திருக்கியா?" அவர் சொன்னார்: "கல்லைத்தான்டா பாத்தேன். அதுல தங்கம் இருக்குதுன்னு அவன் சொன்னான்." வேலை முடிந்து மேலே ஏறி வந்தால் உடம்பைத் தடவிச் சோதனை போடுவார்கள். ஆயாவோட தோடு பாதி நாள் சேட்டுக் கடையில்தான் கிடந்தது.

1880களில் ஜான் டெய்லர் என்ற ஆங்கிலேயக் கம்பெனி அங்கே தோண்ட ஆரம்பித்தது. ஆழத்தில் இறங்கியவர்களில் பெரும்பகுதி வட ஆற்காட்டுச் சேரிகளிலிருந்து போன நம்ம ஜனங்கள். தாது வருஷப் பஞ்சம் அடித்து ஓய்ந்திருந்த காலம். ஊரில் ஆண்டையின் களம், அங்கே வெள்ளைக்காரன் சுரங்கம். கூலி காசாகக் கிடைக்கும் என்று போனார்கள். மூங்கில் தட்டிக் குடிசைகளில் இருந்தார்கள். 1902லேயே சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது, எந்திரங்களுக்கு. மூன்று கிலோமீட்டருக்கும் கீழே போனது குழி. பாறை வெடித்துச் செத்தவர்கள், தூசி தின்று நுரையீரல் போனவர்கள் கணக்கு தனி. நூற்றிருபது வருஷத்தில் எண்ணூறு டன் தங்கம் எடுத்தார்கள் என்கிறார்கள். 1930இல் எல்லாரும் கைரேகை பதியவேண்டும் என்றபோது வேலையை நிறுத்தினார்கள். ரேகை எடுப்பது குற்றவாளிக்கு என்று அவர்களுக்குத் தெரியும்.

இதுகூட எங்காவது தொழிற்சங்க வரலாற்றில் கிடைக்கும். நான் சொல்லவந்தது அந்தத் தட்டிக் குடிசைகளில் நடந்த இன்னொரு காரியம்.

பண்டிதர் அயோத்திதாசர் 1898இல் ஆல்காட்டோடு கொழும்புக்குப் போய், சுமங்கல தேரரிடம் பஞ்ச சீலம் பெற்றுத் திரும்பி, ராயப்பேட்டையில் சாக்கிய பௌத்த சங்கம் தொடங்கினார். நாக்பூரில் பாபாசாகேப் 1956இல் தீட்சை பெறுவதற்கு ஐம்பத்தெட்டு வருஷம் முந்தி. 1907 ஜூன் 19இல் 'ஒரு பைசாத் தமிழன்' என்ற வாரப் பத்திரிகை. அடுத்த வருஷம் 'தமிழன்' என்று பெயர் மாறியது. சித்த வைத்தியர் ஒருவர், ஜமீன் பின்னால் இல்லாமல், 1914இல் சாகும்வரை அதை நடத்தினார். அந்தப் பத்திரிகைக்கு ஆதரவாக நின்ற ஊர் தங்கவயல். மாரிக்குப்பத்தில் சங்கத்தின் கிளை. எம்.ஒய். முருகேசர் போன்றவர்கள் தூணாக நின்றார்கள். சித்தார்த்தா புத்தகசாலை பண்டிதரின் நூல்களைப் பதிப்பித்தது. அவருக்குப் பின் நின்றுபோன 'தமிழ'னை 1926இல் தங்கவயலிலிருந்தே அப்பாதுரையார் மறுபடி கொண்டுவந்தார். பகலெல்லாம் கல்லுடைத்தவன் ராத்திரி விளக்கில் ஒருவரை வாசிக்கவிட்டுச் சுற்றி உட்கார்ந்து கேட்டிருப்பான். அப்படித்தான் எனக்குத் தோன்றுகிறது.

கல்லூரியில் படிக்கும்போது நான் ஒரு கட்டுரை எழுதினேன். தலித் எழுத்து மராட்டியத்திலிருந்து வந்தது, தமிழில் தொண்ணூறுகளில்தான் பிறந்தது என்று. பரிசும் கொடுத்தார்கள். ஞான அலாய்சியஸ் தொகுத்த அயோத்திதாசர் சிந்தனைகள் 1999லேயே பாளையங்கோட்டையில் வெளிவந்துவிட்டிருந்தது. எங்கள் நூலகத்தில் இல்லை, எந்த வாத்தியாரும் சொல்லவில்லை. தாத்தா இருந்த ஊரிலிருந்தே பத்திரிகை வந்திருக்கிறது, பேரனுக்குத் தெரியவில்லை. இந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை.

ஒன்றைச் சொல்லாமல் விடமுடியாது. அருந்ததியர் தோழர்கள் இங்கே உட்கார்ந்திருக்கிறார்கள். தாழ்த்தப்பட்டவர்கள் வேறு, இயல்பில் தாழ்ந்தவர்கள் வேறு என்று பிரித்து எழுதினார் பண்டிதர். மலம் அள்ள வைக்கப்பட்டவர்களையும் செருப்புத் தைத்தவர்களையும் அந்த இரண்டாவது வரிசையில் தள்ளினார். அந்தக் காலம் அப்படி என்று சப்பைக்கட்டு கட்ட நான் தயாரில்லை. பூர்வ பௌத்தர் என்று நமக்கு நிமிர்வு கொடுத்த அதே பேனாதான் இதையும் எழுதியது. இரண்டையும் சேர்த்துத்தான் படிக்கணும். சிலை வைத்து மாலை போடுகிறவர்களுக்கு இது கஷ்டமாக இருக்கும், இருக்கட்டும்.

2001 பிப்ரவரி 28இல் சுரங்கத்தை மூடினார்கள். சயனைடு கலந்த மண் மலைமலையாக நிற்கிறது, காற்றடித்தால் வீட்டுக்குள் வருகிறது. வேலை போன குடும்பத்துப் பிள்ளைகள் விடியுமுன் ரயில் பிடித்துப் பெங்களூருக்குக் கூலிக்குப் போகிறார்கள். மாணவத் தோழர்கள் விடுமுறையில் நாலு பேராக அங்கே போங்கள். சுரங்கத்தைப் படமெடுக்க வேண்டாம், அதை நிறையப் பேர் எடுத்துவிட்டார்கள். லைன் வீடுகளில் தகரப் பெட்டிகளைத் திறந்து காட்டச் சொல்லுங்கள்.

தாத்தாவின் பெட்டி எங்கள் அம்மாவிடம் இருந்தது. அடியில் பழைய புடவைகளுக்குக் கீழே கரையான் தின்ற ஒரு புத்தகம். முகப்பு இல்லை. உள்ளே சித்தார்த்தா புத்தகசாலை என்ற பேர் மட்டும் தெரிகிறது. கையோடு கொண்டு வந்திருக்கிறேன், கூட்டம் முடிந்ததும் பாருங்கள். தாளை மெதுவாத் திருப்புங்க, உடையுது.