களையும் பூச்சியும் ஒரே கணக்கு

அவையில் அமர்ந்திருக்கும் ஆய்வறிஞர்களே, வேளாண் விரிவாக்கப் பணியாளர்களே, வயல் வேலையை விட்டு வந்திருக்கும் உழவர் பெருமக்களே, மாணவச் செல்வங்களே!  

இக்கருத்தரங்கின் நிகழ்ச்சி நிரலில் முதல் நாள் களைக்கு, இரண்டாம் நாள் பூச்சிக்கு. இந்தப் பிரிவினை நம் துறைகளுக்கு வசதியானது. விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் மல்லாட்டை என்னும் நிலக்கடலை போடும் உழவருக்கோ நிலமும் ஒன்று, பட்டமும் ஒன்று, கூலிக்கு எடுத்து வைத்த பணமும் ஒன்று. அவர் ஒரே கணக்காகப் பார்ப்பதை நாமும் அப்படியே பார்க்க வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான்.

2000ஆம் ஆண்டில் ஆந்திரத்தின் அனந்தப்பூர் மாவட்டத்தில் நிலக்கடலைச் செடிகள் தண்டு கருகி மடிந்தன. ஏறத்தாழ 2,25,000 எக்டேரில் பாதிப்பு. 300 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு. நோயைத் தந்தது ஒரு நச்சுயிரி. அது தங்கியிருந்த இடம் வரப்போரத்துப் பார்த்தீனியம். அந்தச் செடி நோய்க்குறி எதையும் காட்டாமல் தன் மகரந்தத்தில் நச்சுயிரியை வைத்திருந்தது. இலைப்பேன் அந்த மகரந்தத்தைக் கடலை இலைக்குச் சுமந்து வந்தது. அது சுரண்டிய காயத்தின் வழியே நச்சுயிரி உள்ளே புகுந்தது. இதைக் களைச் சிக்கல் என்பதா, பூச்சிச் சிக்கல் என்பதா? பூக்கும் முன்பே பார்த்தீனியத்தைப் பிடுங்கியிருந்தால், அதுவே பயிர்ப் பாதுகாப்பாகவும் ஆகியிருக்கும்.

கோடை உழவையும் அப்படித்தான் பார்க்க வேண்டும். புரட்டிய மண்ணில் கோரைக் கிழங்கு வெயிலில் காய்கிறது. அதே உழவில், அடுத்த மழைக்காகக் காத்து மண்ணுக்குள் கிடக்கும் சிவப்புக் கம்பளிப்புழுவின் கூட்டுப்புழுக்கள் மேலே வந்து பறவைகளுக்கு இரையாகின்றன. உழவு ஒன்று, பலன் இரண்டு.

காலக்கெடுவும் இரண்டுக்கும் பொது. விதைத்த முதல் 45 நாளில் களையை விட்டுவிட்டால் பிறகு ஈடுகட்ட முடியாது. 20ஆம் நாளும் 40ஆம் நாளும் களை வெட்டி, எக்டேருக்கு 400 கிலோ ஜிப்சம் இட்டு மண் அணைத்த பிறகு நிலத்தைக் கிளறக் கூடாது. விழுதுகள் மண்ணில் இறங்கும் நேரம் அது. அந்தக் களைவெட்டின்போதே இலையின் அடியில் அந்தக் கம்பளிப்புழுவின் முட்டைக் குவியலையும், கூட்டமாக மேயும் இளம்புழுக்களையும் பொறுக்கி அழித்துவிடலாம். களை வெட்டும் பெண்களுக்கு அந்த முட்டையை அடையாளம் காட்டுவதைவிடச் சிக்கனமான பூச்சிக் கட்டுப்பாடு வேறில்லை.

நம் பரிந்துரைகள் ஒன்றோடொன்று மோதும் இடமும் உண்டு. சுருள்பூச்சியையும் இலைப்பேனையும் குறைக்கக் கம்பை ஊடுபயிராகப் போடுங்கள் என்கிறது பூச்சியியல். முளைத்த களைக்கு இமாசெத்தாபைர் தெளியுங்கள் என்கிறது களையியல். அந்த மருந்து புல்வகைக் களைகளையும் தாக்கும், கம்பும் புல்வகைதானே! இரண்டு அறிவுரையையும் நம்பிக் கேட்ட உழவரின் வயலில் ஊடுபயிர் கருகிப்போகும். குறை அவருடையதன்று, ஒருவரையொருவர் கலந்து பேசாத நம்முடையது.

ஆகவே ஒரு வேண்டுகோள். நாளை மாலை இரு துறையினரும் ஒன்றாக அமர்ந்து, கோடை உழவு முதல் அறுவடை வரை களையையும் பூச்சியையும் சேர்த்து எழுதிய ஒரே ஒரு பக்க நாட்குறிப்பை உருவாக்குங்கள். முன்வரிசையில் இருக்கும் உழவர்கள் அதைப் படித்துத் திருத்தட்டும். அவர்கள் ஏற்றுக்கொண்ட பக்கத்தோடு நாம் கலைந்தால், இந்த இரண்டு நாளும் பயன்பட்டவையே.

கருத்தரங்கைத் தொடங்கி வைக்கிறேன்.