திறவாத திறவுத்தொடர்



மின்மடலை மறைகுறியாக்கி விடுக்கும் நிரலொன்றைப் பில் சிம்மர்மன் என்னும் அமெரிக்கர் 1991-இல் வெளியிட்டார். அவ்வழி வந்த நிரல்களில் மடலைத் திறப்பது தனித்திறவுகோல். அக்கோலையே பூட்டிக் காப்பது திறவுத்தொடர். அதனை மறந்தார்க்கு மீட்பில்லை. நிரலை ஆக்கியவராலும் மீட்டுத்தர இயலாது.

மறவாதாரும் திகைப்பதுண்டு. தொடர் சரியாகவே இருக்கும். கணினியோ பிழை என்னும். பெரிய எழுத்து விசை அழுந்தியிருக்கலாம். விசைப்பலகை வேறு மொழிக்கு மாறியிருக்கலாம். எழுத்துகள் புள்ளிகளாய் மறைதலின் பிழை புலப்படாது. வெற்றுப் பக்கத்தில் தட்டிப் பார்த்து உடனே அழித்துவிடுக.

தமிழில் தொடர் அமைத்தார்க்கு இன்னுமோர் இடர். ஒருங்குறியில் 'கொ' என்பதன் ஒகரக் குறியை ஒரே எண்ணாலும் எழுதலாம்; கொம்பு, கால் எனப் பிரித்து ஈரெண்ணாலும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கோ வேறு வேறு. (தமிழின் குறையன்று இது, குறியெண் வகுத்தார் செய்த குழப்பம்!) ஒரு விசைப்பலகையில் அமைத்த தொடர் மற்றொன்றில் திறவாமைக்கு இதுவும் கரணியமாகலாம். அதற்காகத் தமிழைக் கைவிட வேண்டா. பழைய விசைப்பலகையாலேயே திறந்து, ஒகர, ஓகார, ஔகாரம் ஏறாத சொற்களால் புதுத்தொடர் அமைத்துக்கொள்க.