அனுமதிக் கடிதத்துக்குப் பிறகு

கல்லூரியில் படிக்கும் மாற்றுத்திறனாளி மாணவருக்கு என்னென்ன ஏற்பாடுகள் வேண்டும் என்பதை மருத்துவச் சான்றிதழும் கல்லூரி அலுவலகமும் சேர்ந்து முடிவுசெய்கின்றன. அவை நடக்கின்றனவா என்பது பாடம் நடத்தும் ஆசிரியரின் கையில் இருக்கிறது. தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர், தரைத்தளத்தில் வகுப்பு, முன்கூட்டியே பாடக்குறிப்பு என்று முதல்வரோ தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலரோ கையெழுத்திட்ட கடிதம் ஆசிரியரிடம் வந்து சேர்கிறது. பருவத் தேர்வு நடக்கும் சில நாட்களைப் பற்றி அதில் தெளிவாக எழுதியிருக்கும். அதற்கு முந்தைய மாதங்களைப் பற்றிப் பெரும்பாலும் ஒரு வரிகூட இருக்காது. மாணவர் தடுமாறுவதும் பின்தங்குவதும் அந்த மாதங்களில்தான்.

இந்தியாவில் இந்த ஏற்பாடுகளுக்கு அடிப்படை, 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைகள் சட்டம். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலாக வந்த இது, 2017 ஏப்ரல் 19 முதல் நடைமுறையில் இருக்கிறது. பழைய சட்டம் 7 வகைக் குறைபாடுகளை மட்டும் கணக்கில் எடுத்தது. புதிய சட்டத்தில் 21 வகைகள் உள்ளன. கற்றல் குறைபாடு, ஆட்டிசம், ஹீமோஃபீலியா, தலசீமியா, அரிவாள் செல் நோய், பார்கின்சன் நோய் ஆகியவை அவற்றுள் சில. வெள்ளைக் கோலும் சக்கர நாற்காலியும் மட்டுமே அடையாளம் என்று நினைத்த காலம் சட்டத்தின் அளவில் முடிந்துவிட்டது. ஆசிரியர் ஓய்வறையில் இன்னும் முழுதாக முடியவில்லை. வெளியே தெரியாத குறைபாடு உள்ள மாணவர் கடிதத்தை நீட்டும்போது, "பார்த்தா நல்லாத்தானே இருக்கே தம்பி?" என்று அன்பாகக் கேட்கப்படும் கேள்விகூட அவரை மறுபடியும் ஒரு விசாரணைக்கு உட்படுத்துகிறது. அனுமதி கிடைத்த பிறகு நோயின் பெயரையோ சதவீதத்தையோ ஆசிரியர் அறிய வேண்டிய தேவை இல்லை. எந்த ஏற்பாடு, எப்போது, எப்படி என்பது தெரிந்தால் போதும்.

சதவீதம் என்பதிலும் ஒரு குழப்பம் உண்டு. அரசு மற்றும் அரசு உதவிபெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதத்துக்குக் குறையாத இட ஒதுக்கீடு, 40 சதவீதமும் அதற்கு மேலும் குறைபாடு உள்ளவர்களுக்கு உரியது. அதே 40 சதவீத எல்லையைத் தேர்வு ஏற்பாடுகளுக்கும் பொருத்துவது நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. எழுதும்போது கைத்தசை இறுகிக்கொள்ளும் பாதிப்புள்ள ஒரு தேர்வருக்குக் குடிமைப் பணித் தேர்வில் எழுத உதவியாளர் மறுக்கப்பட்டது. 2021 பிப்ரவரியில் அந்த வழக்கில் தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், நியாயமான மாற்று ஏற்பாடு பெறும் உரிமைக்கு 40 சதவீதம் நிபந்தனையல்ல என்று தெளிவுபடுத்தியது. அதே ஆண்டு நவம்பரில் இன்னொரு வழக்கு. எழுதுவதில் கற்றல் குறைபாடு உள்ள ஒரு மாணவிக்கு மருத்துவ நுழைவுத் தேர்வில் தரவேண்டிய கூடுதல் ஒரு மணி நேரம் தரப்படாமல், விடைத்தாள் வாங்கப்பட்டுவிட்டது. மறுதேர்வு நடத்த நீதிமன்றம் உத்தரவிடவில்லை. ஆனால் இழைக்கப்பட்ட அநீதியைச் சரிசெய்யும் வழியைத் தேர்வு முகமை ஆராய வேண்டும் என்றது. விதி புத்தகத்தில் இருந்தது. அறையில் நின்றவருக்குத் தெரிந்திருக்கவில்லை. கல்லூரிகளில் நடக்கும் பெரும்பாலான தவறுகளும் இப்படித்தான், யாரும் மறுக்காமலேயே நடந்துவிடுகின்றன.

இதற்கு நல்ல எடுத்துக்காட்டு இன்டர்னல் எனப்படும் அகமதிப்பீடு. கலை, அறிவியல் கல்லூரிகள் பலவற்றில் 100 மதிப்பெண்ணில் 25 அகமதிப்பீட்டுக்கும் 75 பருவத் தேர்வுக்கும் உரியவை. பருவத் தேர்வில் கூடுதல் நேரமும் எழுதுபவரும் தவறாமல் வந்துவிடுகிறார்கள். வகுப்பில் நடக்கும் ஒரு மணி நேரத் தேர்வில் இரண்டும் காணாமல் போகின்றன. மணி அடித்ததும் அடுத்த பாடத்தின் ஆசிரியர் வாசலில் நிற்கிறார். மத்திய அரசு 2018-இல் வெளியிட்ட வழிகாட்டுதல்களின் கணக்கு, ஒரு மணி நேரத்துக்குக் குறைந்தது 20 நிமிடம் கூடுதல் என்பது. இந்தக் கணக்கையே ஆசிரியர் தமக்குச் சாதகமாக்கிக்கொள்ளலாம். 60 நிமிட வகுப்பில் 45 நிமிடத்துக்கான வினாத்தாளைத் தயாரித்தால், கூடுதலாகத் தரவேண்டிய 15 நிமிடம் அதே வகுப்புக்குள் அடங்கிவிடுகிறது. யாரையும் தனியே உட்காரவைக்க வேண்டாம், அடுத்த ஆசிரியரிடம் கெஞ்ச வேண்டாம். எழுதுபவர் தேவைப்படும் மாணவருக்கு மட்டும் தேர்வு நாள் ஒரு வாரம் முன்பே தெரிந்தாக வேண்டும். ஆள் கிடைப்பது அவ்வளவு எளிதல்ல. "நாளைக்கு ஒரு சின்ன டெஸ்ட்" என்ற திடீர் அறிவிப்பு மற்ற மாணவர்களுக்கு எரிச்சல், இவருக்கோ ஒரு பூஜ்யம்.

எழுதுபவர் அந்தப் பாடத்தைப் படித்தவராக இருக்கக்கூடாது என்பதே பொதுவான நடைமுறை. அதனால் வேதிப்பொருளின் பெயரையும் கணிதக் குறியீட்டையும் மாணவர் ஒவ்வொரு எழுத்தாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. கூடுதல் நேரத்தின் பெரும்பகுதி இதற்கே போய்விடும். திருத்தும் ஆசிரியர் ஒன்றை மறந்துவிடக்கூடாது: தாளில் இருக்கும் லகர, ளகர, ழகரப் பிழைகள் பெரும்பாலும் எழுதியவருடையவை. மொழிப்பாடமல்லாத தாளில் அவற்றுக்கு மதிப்பெண் குறைப்பது, விடை தெரிந்தவரை இன்னொருவருடைய எழுத்துக்காகத் தண்டிப்பதாகும். கருத்துக்குத் தரும் மதிப்பெண்ணை உயர்த்தித் தருவதும் தவறுதான். இரக்கத்தில் போடப்படும் ஐந்து மதிப்பெண், அந்த மாணவர் உண்மையில் எந்த இடத்தில் நிற்கிறார் என்பதை அவரிடமிருந்தே மறைத்துவிடுகிறது. மாற்று ஏற்பாட்டின் நோக்கம் கேள்வியை எளிதாக்குவதல்ல. அதே கேள்விக்கு வேறொரு வழியில் விடை சொல்ல இடம் தருவது.

பாடக்குறிப்பு விஷயத்தில் தமிழ் வழியில் கற்பிப்பவர்களுக்குத் தனியாக ஒரு சிக்கல் இருக்கிறது. பார்வையற்ற மாணவர்களில் பலர் கணினியிலும் கைபேசியிலும் திரைவாசிப்பு மென்பொருளைப் பயன்படுத்துகிறார்கள். கணினியில் பரவலாகப் புழங்கும் என்விடிஏ, ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த பார்வையற்ற நண்பர்கள் இருவர் 2006-இல் தொடங்கியது; விலை இல்லை, தமிழும் வாசிக்கும். ஆனால் ஒருங்குறியில் தட்டச்சு செய்த தமிழை மட்டுமே அது வாசிக்கும். பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருக்களில் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்கள் பொருத்தப்பட்டிருக்கின்றன. கண்ணுக்கு அழகான தமிழ். திரைவாசிப்பானுக்கோ பொருளற்ற ஆங்கில எழுத்துகளின் வரிசை. தமிழ்நாடு அரசு ஒருங்குறியை 2010-இலேயே ஏற்றுக்கொண்டது. ஆனாலும் பத்துப் பதினைந்து ஆண்டுகளுக்கு முன் தட்டச்சு செய்த குறிப்புகளே பல துறைகளில் இன்றும் வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றிக்கொண்டிருக்கின்றன. அவற்றை ஒருங்குறிக்கு மாற்றும் இலவசக் கருவிகள் இணையத்தில் உள்ளன. ஒரு பாடத்தின் குறிப்புகளை மாற்ற ஒரு மாலை நேரம் போதும்.

ஒளிப்படமாக எடுத்த பக்கங்களும் இதே வகைதான். புத்தகத்தைக் கைபேசியில் படம்பிடித்துப் பிடிஎஃப் ஆக்கி அனுப்பினால், திரைவாசிப்பானுக்கு அது வெற்றுத்தாள். எழுத்துணரி மென்பொருள் அதை உரையாக்கித் தரும். பிழைகள் இருக்கும், அட்டவணையும் சமன்பாடும் குலைந்துபோகும். யாராவது ஒருமுறை படித்துத் திருத்த வேண்டும். நாட்டு நலப்பணித் திட்ட மாணவர்களுக்கு இதைவிடப் பயனுள்ள வேலை கிடைப்பது அரிது. பதிப்புரிமை பற்றிய தயக்கம் சிலருக்கு வரலாம். 2012-இல் திருத்தப்பட்ட பதிப்புரிமைச் சட்டம், மாற்றுத்திறனாளிகள் படிப்பதற்காக, லாப நோக்கமின்றி, நூல்களை வேறு வடிவத்துக்கு மாற்ற அனுமதிக்கிறது. அத்தகைய நூல்கள் நாடுகளிடையே பரிமாறப்பட வழிசெய்த மராகேஷ் உடன்படிக்கை 2013-இல் உருவானபோது, அதை முதலில் ஏற்புறுதி செய்த நாடு இந்தியா, 2014-இல். 2016-இல் தொடங்கப்பட்ட சுகம்ய புஸ்தகாலயா என்ற இணைய நூலகத்திலும் மாற்றுவடிவ நூல்கள் கிடைக்கின்றன. பாடப்பட்டியலைப் பருவம் தொடங்கும் முன்பே ஆசிரியர் தந்துவிட்டால்தான் எது இருக்கிறது, எதை மாற்ற வேண்டும் என்று தேட நேரம் கிடைக்கும்.

வகுப்பறையில் கரும்பலகையைச் சுட்டி "இதை அங்கே கொண்டுபோய்ப் போட்டா இது வரும்" என்று நடத்தும் கணக்கு, பார்வையற்ற மாணவருக்குக் காற்றில் வரைந்த கோலம். எழுதுவதை வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே எழுதினால் பின்வரிசையில் இருப்பவர்களுக்கும் பயன்படும். செவித்திறன் குறைந்த மாணவருக்குத் தேவை இதற்கு நேர் எதிரானது: பலகையைப் பார்த்தபடி பேசக்கூடாது. எழுதி முடித்து, திரும்பி, முகம் தெரியும்படி பேச வேண்டும். சன்னலை முதுகுக்குப் பின்னால் வைத்து நின்றால் முகம் நிழலாகிவிடும், உதட்டசைவு தெரியாது. ஒரே வகுப்பில் இரண்டு மாணவர்களும் இருந்தால் என்ன செய்வது என்பது நியாயமான கேள்வி. முதலில் எழுதியபடி சொல்லி, பிறகு திரும்பி ஒருமுறை சுருக்கிச் சொல்வது தவிர வேறு வழியில்லை. வேகம் குறையும்.

சைகைமொழிப் பெயர்ப்பாளர் உடன் இருந்தால், ஆசிரியர் பார்த்துப் பேச வேண்டியது மாணவரை. "அவர்கிட்ட சொல்லுங்க" என்று பெயர்ப்பாளரிடம் சொல்வது, எதிரே உட்கார்ந்திருப்பவரை இல்லாதவராக்கிவிடுகிறது. கலைச்சொற்கள் பலவற்றுக்கு நிலைத்த சைகை கிடையாது. அவற்றை எழுத்தெழுத்தாகக் காட்டுவதா, புதிதாக ஒரு சைகை வகுத்துக்கொள்வதா என்று பெயர்ப்பாளரும் மாணவரும் முன்பே பேசி வைத்துக்கொள்ள வேண்டும். அதற்குப் பாடத்தின் சொற்பட்டியல் முந்தின நாளே அவர்களுக்குக் கிடைக்க வேண்டும். இந்திய சைகைமொழிக்குத் தனி இலக்கணம் இருக்கிறது. அதில் வளர்ந்த மாணவர் எழுதும் தமிழில் வேற்றுமை உருபுகள் விடுபடுவதும் சொல்வரிசை மாறுவதும் இயல்பு. அதைப் பாட அறிவின்மையாக எடுத்துக்கொள்வது திருத்துபவரின் பிழை.

ஆய்வகத்திலும் களப்பயணத்திலும் ஆசிரியர்கள் பெரும்பாலும் ஒரே முடிவுக்கு வருகிறார்கள்: "நீ உட்கார்ந்து பாரும்மா, மார்க் போட்டுடறேன்." நல்ல மனதோடு சொல்லப்படும் இந்த வார்த்தை ஒரு பாடத்தையே பறித்துவிடுகிறது. தரம்பார்த்தலில் நிறம் மாறும் கணத்தைப் பார்க்க முடியாத மாணவர், எவ்வளவு கரைசல், எப்போது நிறுத்துவது, அளவை எப்படிக் கணக்கிடுவது என்று கட்டளையிட்டு ஒரு துணைவரைக் கொண்டு சோதனையைச் செய்து முடிக்கலாம். சோதிக்கப்படுவது அவர் முடிவெடுக்கும் திறன். அதே சமயம், ஒரு செயலைத் தன் கையால் செய்வதே படிப்பின் சாரமாக இருக்கும் பாடங்களும் உண்டு. அங்கே எது விட்டுக்கொடுக்க முடியாதது என்பதை ஆசிரியர் தனியாகத் தீர்மானிக்காமல், துறையும் அலுவலகமும் மாணவரும் சேர்ந்து பேசி எழுத்தில் வைத்துக்கொள்வதே முறை. அனுமதிக்கப்பட்ட ஏற்பாடு பாடத்துக்குப் பொருந்தவில்லை என்று தோன்றினாலும் வழி அதுதான். தாமாக நிறுத்திவிட ஆசிரியருக்கு அதிகாரம் இல்லை.

வருகைப்பதிவு இன்னொரு தலைவலி. அரிவாள் செல் நோய் நீலகிரி மலைப் பழங்குடியினரிடையே காணப்படும் ஒன்று. அந்த நோயின் வலி எந்த நாளில் வரும் என்று யாராலும் சொல்ல முடியாது; ஹீமோஃபீலியாவில் மூட்டுக்குள் ரத்தம் கசிந்தால் சில நாட்கள் நடமாட்டமே இல்லை. மனநோய்க்கு மருந்து எடுப்பவர்களுக்குக் காலை முதல் வகுப்பு கடினமானது. 75 சதவீத வருகை என்ற விதியைத் தளர்த்தும் அதிகாரம் வகுப்பாசிரியருக்கு இல்லை. அவரால் முடிந்தது வேறு: தவறிய தேர்வுக்கு மாற்று நாள், ஒப்படைப்புக்குக் கூடுதல் கெடு, எத்தனை முறை வரை என்று பருவத் தொடக்கத்திலேயே ஒரு தெளிவான உடன்பாடு. கடைசி வாரத்தில், வருகைக் குறைவைப் பொறுத்துக்கொள்ளக் கட்டும் கண்டொனேஷன் கட்டணத்தோடு அலுவலக வாசலில் நிற்கவிடுவதைவிட, குறையும் சதவீதத்தை இரண்டாம் மாதமே முதல்வர் பார்வைக்குக் கொண்டுபோவது மேல்.

இவையெல்லாம் வகுப்பின் காதுக்குப் போகாமல் நடக்க வேண்டியவை. "ஸ்க்ரைப் வெச்சு எழுதுறவங்க யாரு, கை தூக்குங்க" என்ற ஒரு கேள்வி போதும், மறு பருவத்தில் அந்த மாணவர் கடிதத்தையே பைக்குள் வைத்துக்கொள்ள. முதல் வாரத்தில் எல்லோரிடமும் பொதுவாக, "ஏற்பாடு தேவைப்படுபவர்கள் வகுப்பு முடிந்ததும் தனியாக வந்து பார்க்கலாம்" என்று நேரமும் இடமும் சொல்லிவிட்டால், வருவதா வேண்டாமா என்ற முடிவு மாணவருடையதாகிறது. பருவம் மாறும்போது ஆசிரியரும் மாறுகிறார்; ஐந்து பாடங்களுக்கு ஐந்து பேரிடம் அதே கதையை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருக்கிறது. மாணவர் ஒப்புக்கொண்டால், எந்த ஏற்பாடு பயன்பட்டது, எது பயன்படவில்லை என்று பழைய ஆசிரியர் அரைப்பக்கக் குறிப்பு ஒன்றைத் துறைத்தலைவர் வழியாகப் புதியவருக்குத் தரலாம். நோயின் பெயர் அதில் இருக்க வேண்டியதில்லை.