ஆமையின் குடலும் எங்கள் நுணுக்குக்காட்டியும்

(பழைய மாணவியர் சங்க நூற்றாண்டு விழாவில் ஆற்றிய உரை)



குடலைப் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் விழாக் குழுவில் சிலர் முகம் சுளித்தார்கள். மதியச் சாப்பாட்டுக்கு முன்னரே முடித்துவிடுவோம் என்று வாக்குக் கொடுத்த பின்புதான் இடம் கிடைத்தது.

எங்கள் உயர்தர உயிரியல் வகுப்பில் ஐந்து பேர். நுணுக்குக்காட்டி ஒன்று. அதன் கண்ணாடியை யன்னல் பக்கம் திருப்பி, வெயிலைப் பிடித்துத்தான் பார்ப்போம். அந்த நாளில் தம்பலகாமத்து வயல் வரம்போரப் பற்றைக்குள் அகப்பட்ட ஒரு நட்சத்திர ஆமையை எங்களுள் ஒருத்தியின் வீட்டுக் கிணற்றடியில் வளர்த்தோம். அன்பு மிகுதியால் சோறும் பருப்பும் கொடுத்தோம், பின்னேரங்களில் பிஸ்கற். ஆமையும் மறுக்காமல் தின்றது. சில மாதங்களில் தின்பதை நிறுத்தியது. ஒருநாள் காலையில் அசையவில்லை.

ஆசிரியை எங்களை ஏசவில்லை. "வெட்டிப் பார்ப்போம், பிள்ளைகள்" என்றார். பெருங்குடல் காற்றடைத்து வீங்கியிருந்தது. உள்ளிருந்ததில் ஒரு துளியை வழுக்கியில் வைத்துப் பார்த்தோம். புல் நார் ஒன்றுகூட இல்லை. அது ஏன் செத்தது என்று அன்று எங்களுக்கு விளங்கவில்லை.

பின்னர் எங்களுள் ஒருத்தி பேராதனையில் கால்நடை மருத்துவம் படிக்கப் போனாள். இன்னொருத்தி மனித மருத்துவம். விடுமுறையில் சந்தித்தால் இரண்டு குடல்களின் வெட்டுமுகங்களையும் அருகருகே வைத்துப் பார்ப்போம். மனித இரைப்பையில் அமிலம் சுரக்க ஒரு கலம், பெப்சினோஜன் சுரக்க வேறொரு கலம். ஊர்வனவற்றில் ஒரே கலம் இரண்டு வேலையையும் பார்க்கிறது. எங்கள் களத்தின் உட்புறம் தட்டையான பல படைக் கலங்களால் ஆனது. பாம்பின் களத்திலோ பிசிர்களும் சீதம் சுரக்கும் கலங்களும் நிறைந்திருக்கும். கடலாமையின் களத்தில் கொம்புப் பொருள் மூடிய முட்கள், எல்லாம் இரைப்பையை நோக்கிச் சாய்ந்திருக்கும்.

இதிலே எங்களை வாய்பிளக்க வைத்தது வெங்கணாந்திதான். பர்மிய வெங்கணாந்திகளைப் பற்றி ஸ்டீபன் சீகோர், ஜாரெட் டயமண்ட் இருவரும் 1998 இல் எழுதினார்கள். பட்டினி கிடக்கும்போது அதன் குடல் சுருங்கிக் கிடக்கும். இரை விழுங்கி ஓரிரு நாளில் குடலின் நிறை ஏறக்குறைய இரு மடங்காகும். கலங்களின் நுண்சடைமுளைகள் ஐந்து மடங்கு வரை நீளும். சமிபாடு முடிந்ததும் மறுபடி சுருங்கும்.

ஆமைக்கு அந்த வித்தை இல்லை. அதன் முதல் பெருங்குடலில் இருக்கிறது. அங்கே நுண்ணுயிர்கள் நாரை மெல்ல நொதிக்க வைக்கின்றன. பிறக்கும் கொழுப்பமிலங்களைக் குடற்சுவரின் கலங்கள் உறிஞ்சுகின்றன. அந்தக் குடலுக்குள் சோற்று மாப்பொருளைக் கொட்டினால் நொதித்தல் தறிகெட்டு, வாயு நிறையும். வயல் வரம்பில் நின்ற புல்லை விட்டுவிட்டுப் பருப்பைத் தேடிப் போனோம். இன்றைக்கும் பிஸ்கற் பெட்டியைத் திறந்தால் எங்களுள் ஒருத்திக்கு அந்தக் கிணற்றடிதான் ஞாபகம் வரும்.

இனி, தாய்மாருக்கான செய்தி. சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் பணியாற்றிய விடுதிக்குப் பத்து மாதக் குழந்தையொன்று இரத்தம் கலந்த வயிற்றோட்டத்துடனும் கடும் காய்ச்சலுடனும் வந்தது. மலப் பரிசோதனையில் சல்மொனெல்லா. வீட்டில் அண்ணன்காரன் மீன்தொட்டிக் கடையில் வாங்கிய, காதோரம் சிவப்புக் கோடுள்ள குட்டியாமை ஒன்று இருந்தது. "பிள்ளை அதைத் தொட்டதே இல்லை, டொக்டர்" என்றார் தாய். தொட்டதில்லைத்தான். ஆமைத் தொட்டியைக் கழுவியதும் பால் போத்தலைக் கழுவியதும் ஒரே இடத்தில். பிள்ளை பிழைத்துக்கொண்டது, ஆனால் இரண்டு இரவுகள் எங்களில் யாரும் வீட்டுக்குப் போகவில்லை.

அப்படிப்பட்ட ஆமையின் குடலை நுணுக்குக்காட்டியில் பார்த்தால் பெரும்பாலும் ஒரு புண்ணும் தெரியாது. பற்றீரியா அங்கே சண்டையின்றிக் குடியிருக்கிறது. விட்டு விட்டு வெளியேறும். ஆகவே ஒருமுறை சோதித்து இல்லை என்று வந்தாலும் நம்ப முடியாது. அதே பற்றீரியா எங்கள் குடற்சுவருக்குள் புகுந்தால் அழற்சியும் புண்ணும். அமெரிக்காவில் 4 அங்குலத்துக்குக் குறைந்த ஓடுள்ள ஆமைகளை வளர்ப்புக்கு விற்பதை 1975 இல் தடை செய்தது இதனால்தான். ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு ஆமை வேண்டாம். ஏற்கனவே இருந்தால் அதன் தண்ணீர் சமையலறைப் பக்கமே வரக்கூடாது; தொட்ட கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள்.

நட்சத்திர ஆமையை வீட்டில் வைத்திருப்பது எங்கள் நாட்டில் சட்டப்படி குற்றம். அன்று எங்களுக்கு அது தெரியாது. 2019 இல் இலங்கையும் இந்தியாவும் வேறு நாடுகளும் சேர்ந்து கேட்டு, சைட்டிஸ் உடன்படிக்கையின் முதலாம் பட்டியலில் அதைச் சேர்த்தார்கள். அந்த மாநாடு கொழும்பில் நடப்பதாகத்தான் இருந்தது. உயிர்த்த ஞாயிறுக் குண்டுவெடிப்புகளின் பின் ஜெனீவாவுக்குப் போனது. வரம்பில் ஆமையைக் கண்டால் நின்று பாருங்கள், எடுக்காதீர்கள்.

சாப்பாட்டு மணி அடிக்கப் போகிறது. ஆய்வுகூடத்தில் இரண்டு வழுக்கிகள் வைத்திருக்கிறோம்: ஒன்று மனிதப் பெருங்குடல், மற்றது ஆமையினது. பெயர் ஒட்டவில்லை. முதலில் பத்து மடங்கு வில்லையில் பாருங்கள், தங்கைமாரே. எது எவருடையது என்று பின்னேரம் வந்து எங்களிடம் சொல்லுங்கள்.