முப்பத்தைந்து புள்ளி

(நூற்றாண்டு விழாவையொட்டி நடைபெற்ற பழைய மாணவிகள் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



எங்கள் வகுப்பின் சார்பில் "பரீட்சைப் பெறுபேறும் பிற்கால வாழ்க்கையும்" என்ற தலைப்பில் பேசச் சொன்னார்கள். இந்தத் தலைப்புக்கென்று வழக்கமான பேச்சு ஒன்று உண்டு. புள்ளி முக்கியமில்லை, பண்புதான் முக்கியம் என்று தொடங்கி, படிப்பை இடைநடுவில் விட்டுப் பெரிய ஆளானவர்கள் இரண்டு மூன்று பேரைச் சொல்லி முடிப்பார்கள். கேட்க நன்றாகத்தான் இருக்கும். அப்படிப் பேசுகிறவர் அநேகமாக நல்ல புள்ளி எடுத்தவராகவே இருப்பார். கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு, பக்கத்து லயத்துப் பையனின் போனில் மகளின் பெறுபேற்றைப் பார்க்கச் சொல்லிக் காத்து நிற்கும் தாயிடம் போய், "புள்ளியில என்னம்மா இருக்கு" என்று சொல்ல எங்களுக்கு வாய் வராது.

புள்ளி முக்கியம்தான். நம் மலைநாட்டில் மற்ற இடங்களைவிட அதிகமாகவே முக்கியம். கொழும்பில் ஒரு பிள்ளைக்குக் கணிதம் சரிவராவிட்டால் தகப்பனின் கடை இருக்கும், மாமாவின் அலுவலகம் இருக்கும், பணம் கட்டிப் படிக்கும் நிறுவனங்கள் இருக்கும். லயத்துப் பிள்ளைக்குக் காணி இல்லை, கடை இல்லை. குடியிருக்கும் அறையே வேலையோடு ஒட்டியது. அவளிடம் இருப்பது பெறுபேற்றுத்தாள் ஒன்றுதான்.

அந்தத் தாளில் ஒரு வரியைப் பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறோம். சாதாரண தரத்தில் கணிதத்துக்கு 35 புள்ளி எடுத்தால் "எஸ்", 34 எடுத்தால் "டபிள்யூ". (எங்கள் காலத்தில் டி, சி, எஸ், எஃப். எட்டு டி எடுத்தவளை ஊரே கொண்டாடியது. இன்றைய பிள்ளைகளிடம் "எட்டு டி" என்றால் சிரிக்கிறார்கள்.) உயர்தர வகுப்புக்குப் போக ஆறு பாடங்களில் சித்தி வேண்டும். அவற்றில் தாய்மொழியும் கணிதமும் இருக்க வேண்டும், மூன்று பாடங்களில் திறமைச் சித்தியும் வேண்டும் என்பதே நமக்கெல்லாம் தெரிந்த விதி. தமிழில் ஏ, சமயத்தில் ஏ, வரலாற்றில் பி எடுத்த பிள்ளையும் கணிதத்தில் அந்த ஒரு புள்ளி குறைந்தால் வாசலில் நின்றுவிடுகிறாள். உயர்தரம் இல்லையென்றால் பத்தனை ஸ்ரீபாத கல்வியியற் கல்லூரியும் இல்லை, தாதியர் பயிற்சியும் இல்லை. பின்னர் வந்த பதின்மூன்று வருட உறுதிப்படுத்தப்பட்ட கல்வித் திட்டம் தொழிற்பிரிவில் ஒரு கதவைத் திறந்திருக்கிறது. நல்ல திட்டம். ஆனால் அந்தப் பிரிவு இருக்கும் பாடசாலைக்கு இரண்டு பஸ் மாறிப் போக வேண்டிய தோட்டத்தில் அது எத்தனை பேருக்குக் கைக்கெட்டும் என்பது உங்களுக்குத் தெரியும்.

ஒரு புள்ளியில் தங்கிவிட்டவளைப் பார்த்து "கெட்டித்தனம் போதாது" என்று சொல்லிவிடலாம். எட்டாம் வகுப்பில் ஒன்றரை வருடம் கணித ஆசிரியரே இல்லாத பாடசாலையில் அவள் படித்திருந்தால் அந்த 34 யாருடைய புள்ளி? வைத்தியர்களாகிய எங்களுக்கு இது பழகிய கேள்வி. இரத்தப் பரிசோதனையில் ஓர் எண் குறைந்திருந்தால் நோயாளியைத் திட்டமாட்டோம், காரணத்தைத்தான் தேடுவோம்.

பெறுபேற்றின் பெறுமதி எப்போதும் ஒன்றாக இருந்ததில்லை என்பதை நூறு வருடக் கணக்குப் பார்க்கும் இந்த வேளையில் நினைத்துக்கொள்ள வேண்டும். நம் பாடசாலை தொடங்கிய காலத்தில், 1920ஆம் ஆண்டின் கல்விச் சட்டப்படி தோட்டத்துப் பிள்ளைக்குப் படிப்பு என்பது ஆறு வயதிலிருந்து பத்து வயது வரைதான். 1945இல் கன்னங்கராவின் இலவசக் கல்வி நாட்டுக்கு வந்தது. தோட்டப் பாடசாலைகள் அரசாங்கத்தின் கைக்கு வரத் தொடங்கியதோ 1970களின் பிற்பகுதியில்தான். இடையில் 1948இன் பிரஜாவுரிமைச் சட்டம். அதற்குப் பிறகு நம் மக்களில் பெரும்பாலானோருக்கு நாடு இல்லை. அந்த வருடங்களில் எத்தனை நல்ல பெறுபேறு எடுத்தாலும் பிரஜாவுரிமை இல்லாத பிள்ளைக்கு அரசாங்க உத்தியோகம் கிடையாது. இங்கே இருக்கும் மூத்த அக்காமாரில் சிலர் நல்ல சான்றிதழைப் பெட்டியில் வைத்துக்கொண்டு, 1964ஆம் ஆண்டு ஒப்பந்தப்படி இராமேஸ்வரத்துக்குக் கப்பலேறிய தோழிகளைப் பற்றிச் சொல்லியிருக்கிறார்கள். 1988, 2003ஆம் ஆண்டுச் சட்டங்களால்தான் அந்தக் கணக்கு ஒருவாறு தீர்ந்தது. 1980களில் தோட்டத்து இளைஞர் யுவதிகளுக்கு ஆசிரியர் நியமனம் வந்தபோது சாதாரண தரச் சித்தி ஒரு குடும்பத்தையே லயத்திலிருந்து வெளியே கொண்டுவந்தது. அப்படி வந்த டீச்சர்மார்தான் எங்களுக்கு எழுத்தறிவித்தார்கள்.

எங்கள் கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறோம். பல்கலைக்கழக இடங்களில் 40 சதவீதம் நாடு முழுவதற்குமான திறமை அடிப்படையிலும், 55 சதவீதம் மாவட்ட அடிப்படையிலும், 5 சதவீதம் வசதி குறைந்த மாவட்டங்களுக்குமாகப் பகிரப்படுகின்றன. நுவரெலியா அந்த வசதி குறைந்த மாவட்டங்களில் ஒன்று. எங்களில் மருத்துவபீடம் போன சிலர் அதே புள்ளியைக் கொழும்பு மாவட்டத்தில் எடுத்திருந்தால் இன்று வைத்தியர்களாக இருந்திருக்க மாட்டோம். இதைச் சொல்ல எங்களுக்கு வெட்கமில்லை. முதலாம் வருடம் ஆங்கிலத்தோடு மல்லுக்கட்டினோம். இறுதிப் பரீட்சையை எல்லோரோடும் ஒரே வினாத்தாளில் எழுதினோம். இருபது வருடமாக எந்த நோயாளியும் எங்கள் வெட்டுப்புள்ளியைக் கேட்டதில்லை. கேட்டதெல்லாம் "டொக்டர், நாளைக்கும் நீங்கதான் இருப்பீங்களா?" என்பதுதான்.

சரி, சித்தியடையாதவர்களுக்கு இங்கே கழித்த பதினொரு வருடம் வீணா? கிளினிக்கில் நாங்கள் காண்பது வேறு. பிள்ளையின் நிறையைக் குறிக்கும் அட்டையில் ஒரு வளைகோடு இருக்கிறதல்லவா, கிடையாக மாதம், நிலைக்குத்தாகக் கிலோ? எட்டாம் ஒன்பதாம் வகுப்புக் கணித டீச்சர் கற்பித்த வரைபுதான் அது. பரீட்சையில் கணிதம் தவறிய தாய்மார் அதைத் தங்கள் விரலால் தொட்டுக்காட்டி, "போன மாசத்தில இருந்து ஏறவே இல்ல, ஏன்?" என்று கேட்கிறார்கள். பள்ளிக்கே போகாத தாய் அந்தக் கேள்வியைக் கேட்பது அரிது. மிஸ் திட்டுவார் என்று பயந்து அட்டையை மடித்து வைத்துக்கொள்வார். ஜோன் கால்ட்வெல் என்ற ஆஸ்திரேலியக் குடித்தொகையியலாளர் (நம் ஒப்பிலக்கணக் கால்டுவெல் அல்ல, இவர் வேறு) 1979இல் நைஜீரியப் புள்ளிவிவரங்களை ஆராய்ந்து, தகப்பனின் தொழில் முதலான மற்றக் காரணங்களைக் கழித்த பிறகும் தாயின் கல்வி பிள்ளையின் உயிரைக் காக்கிறது என்று காட்டினார். அவர் கணக்கில் எடுத்தது தாய் படித்த காலத்தை. அவள் எடுத்த புள்ளியை அல்ல. நமக்கு இது ஏட்டு விஷயமில்லை. 2016ஆம் ஆண்டின் குடித்தொகை, சுகாதார ஆய்வின்படி இலங்கையில் ஐந்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளில் நூற்றுக்கு 17 பேர் வயதுக்கேற்ற உயரம் இல்லாதவர்கள். தோட்டங்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 32 பேர்.

அதனால்தான் பெறுபேறு வந்த மறுநாளே பாடசாலைக்கு வராமல் போய்விடும் பிள்ளைகளைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது. இந்த மண்டபத்தைச் சற்றுத் திரும்பிப் பாருங்கள். ஆசிரியைகள், தாதியர், வங்கி உத்தியோகத்தர், கனடாவிலிருந்தும் லண்டனிலிருந்தும் வந்தவர்கள். எங்கள் வகுப்பில் சாதாரண தரம் எழுதியவர்களில் பாதிக்கும் குறைவானவர்களே இங்கே இருக்கிறோம். மற்றவர்கள் எங்கே? சிலர் கட்டுநாயக்கவில் தையல் மெஷினுக்கு முன்னால், சிலர் மத்திய கிழக்கில் அடுத்தவர் வீட்டுச் சமையலறையில், சிலர் இதே மலைச்சரிவில் பெரட்டுக்குப் போகிறார்கள். விழாவுக்கு வரச்சொல்லி அழைத்தோம். "நான் பெயிலானவதானே, நான் எதுக்கு?" என்றாள் ஒருத்தி. அவளுக்கு இப்போது நாற்பத்தைந்து வயது. பதினாறு வயதில் விழுந்த ஓர் எழுத்தை இன்னும் தன் பெயருக்குப் பின்னால் போட்டு வைத்திருக்கிறாள். அவளுடைய மகள் போன வருடம் கணிதத்தில் "டபிள்யூ" எடுத்துவிட்டு வீட்டில் இருக்கிறாள்.

நம் சங்கத்தின் யாப்பில் பழைய மாணவி என்றால் சித்தியடைந்த மாணவி என்று எங்கும் எழுதப்படவில்லை. ஆனால் நாம் கொடுக்கும் பரிசெல்லாம் ஒன்பது ஏ எடுத்தவளுக்கே. அவளுக்குக் கொடுப்பதை நிறுத்தச் சொல்லவில்லை, கொடுங்கள். அவளுக்குக் கைகொடுக்க இன்னும் பலர் வருவார்கள். 28இலும் 34இலும் நின்றவளுக்கு யாரும் வருவதில்லை. தனிப்பட்ட பரீட்சார்த்தியாகக் கணிதத்தை மட்டும் அவள் மீண்டும் எழுதலாம் என்பதே பல வீடுகளுக்குத் தெரியாது.

எங்கள் வகுப்பு ஒரு காரியத்தைத் தொடங்கத் தீர்மானித்திருக்கிறது. அடுத்த தவணையிலிருந்து சனிக்கிழமை காலைகளில், பழைய விஞ்ஞான கூடத்தில், கணிதம் தவறிய பிள்ளைகளுக்கு மட்டும் வகுப்பு. அதிபர் இடம் தந்துவிட்டார். ஓய்வுபெற்ற டீச்சர் இருவர் ஒப்புக்கொண்டிருக்கிறார்கள். பஸ் காசும் மத்தியானச் சாப்பாடும் எங்கள் பொறுப்பு. பத்தனை, கொட்டகலை, டிக்கோயா பக்கம் இருக்கும் தங்கைமார் உங்கள் தோட்டத்தில் வீட்டோடு இருக்கும் பிள்ளைகளின் பெயரைத் தாருங்கள். வெளிநாட்டிலிருக்கும் அக்காமார் பணத்தை மட்டும் அனுப்பாமல், மாதம் ஒரு பிள்ளையோடு போனில் கதையுங்கள். பெயர் எழுதும் கொப்பி தேநீர் மேசையில், சீனிப் போத்தலுக்குப் பக்கத்தில் இருக்கிறது. தாய்மாரும் வரலாம். அவர்களும் நம் பழைய மாணவிகள்தான், சந்தா கேட்கமாட்டோம்.