நொட்டிங்காம் நகர வாயில்

(சங்கக் கூட்டமொன்றில் நிகழ்த்திய பேச்சு)



நமது வாசிகசாலைக்கு அண்மையில் வந்து சேர்ந்த ஒரு பெட்டியைப் பற்றிச் சில வார்த்தைகள் பேசுமாறு நாம் பணிக்கப்பட்டிருக்கிறோம். "நொட்டிங்காம் ஷெரீப்" என்பது அதனுள் இருக்கும் விளையாட்டின் பெயர். பொய் சொல்லவும் கைக்கூலி கொடுக்கவும் இளைஞரைப் பழக்கும் ஒன்றைச் சங்க மண்டபத்தில் வைத்திருக்கலாமா என்று பெரியோர் சிலர் கேட்டிருக்கிறார்கள். கேள்வி நியாயமானதே. "விளையாட்டுத்தானே" என்று அதைத் தட்டிக்கழிப்பது மரியாதையன்று. பெட்டியைத் திறந்து உள்ளிருப்பதைக் காட்டிவிட்டுப் பேசுவதே முறை.

பிரேசில் நாட்டவரான சேர்ஜியோ ஹலபன், அந்திரே சாட்ஸ் என்னும் இருவர், எல்லைச் சுங்கச் சாவடியொன்றைப் பொருளாகக்கொண்டு 2006இல் ஒரு விளையாட்டை வெளியிட்டார்கள். பின்னர் பிறையன் போப் என்பவரும் சேர்ந்து, அச்சாவடியை மத்தியகால இங்கிலாந்துக்குக் கொண்டுபோய் நொட்டிங்காம் நகர வாயிலில் நிறுத்த, 2014இல் இவ்விளையாட்டு வெளிவந்தது. ஜோன் இளவரசன் நகருக்கு எழுந்தருளப் போகிறான். சந்தையிலே நல்ல விலை. மூவர் முதல் ஐவர் வரை வணிகராய் அமர்ந்து, தத்தம் சரக்கை வாயிலுக்குக் கொண்டுவருகிறார்கள். வாயிலிலே ஷெரீப் நிற்கிறார். அந்த ஷெரீப்பும் வணிகருள் ஒருவரே. பதவி முறைவைத்துச் சுற்றி வரும்.

கையில் ஆறு சீட்டுகள். அவற்றுள் ஐந்துக்கு மேற்படாமல் ஒரு பையில் இட்டு மூடி, ஷெரீப்பின் முகத்தைப் பார்த்து, "ஐயா, இதனுள் நான்கு பாண்" என்று சொல்லவேண்டும். எண்ணிக்கையில் பொய் கூடாது. சரக்கின் பெயரில் பொய் சொல்லலாம். அப்பிள், பாற்கட்டி, பாண், கோழி ஆகியவை அனுமதிக்கப்பட்டவை. மிளகு, தேன்மது, பட்டு, குறுக்குவில் ஆகியவை தடுக்கப்பட்டவை. அப்பிளின் பெறுமதி 2 பொன். குறுக்குவில்லின் பெறுமதி 9. ஆசை எங்கே பிறக்கிறது என்பதை விளக்க வேண்டியதில்லை.

ஷெரீப் பையைத் திறக்கலாம், திறவாமலும் விடலாம். திறந்து பொய் வெளிப்பட்டால், வணிகர் மறைத்த சரக்கை இழப்பதோடு, தடுக்கப்பட்ட சீட்டு ஒவ்வொன்றுக்கும் 4 பொன் தண்டமும் இறுக்கவேண்டும். ஆனால் ஐந்து அப்பிள் என்று சொன்ன பையிலே ஐந்தும் அப்பிளாகவே இருந்துவிட்டால்? அப்போது ஷெரீப் தமது பணத்திலிருந்து, ஒன்றுக்கு 2 வீதம், 10 பொன்னை அவ்வணிகருக்கு எண்ணிக் கொடுக்கவேண்டும். இந்த ஒரு விதியிலேதான் விளையாட்டின் உயிர் இருக்கிறது என்பது நமது அபிப்பிராயம். நேர்மையானவனைச் சந்தேகித்த அதிகாரி அச்சந்தேகத்தின் விலையைத் தாமே தருகிறார்.

இதனால் மேசையிலே பல வேடிக்கைகள் நிகழும். உண்மை சொன்னவன் திருடனைப்போல விழிப்பான், பையைத் திறக்கட்டும் என்று. கள்ளச்சரக்கு வைத்திருப்பவன் கொட்டாவி விடுவான். ஒருவன் தன் பையை விட்டுவிடும்படி மூன்று பொன் நீட்ட, அவனுடைய போட்டியாளன் அதே பையைத் திறக்கும்படி நான்கு பொன் நீட்டுவான். அந்தச் சுற்றிற் செய்த உடன்படிக்கையை மீற முடியாது. அடுத்த சுற்றைப் பற்றிய வாக்குறுதிக்கோ கட்டுப்பாடே இல்லை. இவ்விதியைக் கேட்டு, அரசியல் பயிலும் நண்பரொருவர் நெடுநேரம் சிரித்தார். முடிவில் அதிக அப்பிள் சேர்த்தவருக்கு 20 பொன் மேலதிகமாகக் கிடைக்கும். ஏனைய அனுமதிச் சரக்குகளுக்கும் இப்படிப் பரிசுண்டு. ஆகவே ஒரு பொய்யும் சொல்லாமல் ஆடி வென்றவரையும் நாம் கண்டிருக்கிறோம்.

இனிச் சரித்திரத்துக்கு வருவோம். றொபின் ஹூட் கதையால் உலகறிந்த இப்பதவி கற்பனையன்று. மன்னரின் பெயரால் மாவட்டத்தை ஆண்டவர் ஷெரீப். குறித்த ஒரு தொகையை அவர் ஆண்டுதோறும் அரச கருவூலத்திற் கட்டவேண்டும். அதற்குமேல் திரட்டியதிற் பெரும்பங்கு அவருக்கே. அப்படிப்பட்டவருக்குக் குடிகளின் பையைத் திறப்பதால் என்ன நட்டம்? திறக்குந்தோறும் இலாபமே. 1170இல் இரண்டாம் ஹென்றி மன்னன் விசாரணை நடத்தி, ஷெரீப்மாரிற் பெரும்பாலோரைப் பதவி நீக்கினான். நோய் தீரவில்லை. 1215ஆம் ஆண்டின் மகாசாசனமாகிய மக்னா காட்டாவின் 41ஆம் பிரிவு, வணிகர் அநியாய ஆயங்களின்றிப் போய்வர இடங்கேட்டது. 50ஆம் பிரிவோ சிலரைப் பெயர் குறித்தே நீக்கும்படி கோரியது. அவர்களுள் ஒருவர் பிலிப் மார்க்; அக்காலத்து நொட்டிங்காம் ஷெரீப் அவரே! ஒரு நாட்டின் சாசனத்திலே இடம்பிடித்த பின்னும், அவர் 1224 வரை அதே நாற்காலியில் இருந்தார். அடுத்த பிரிவு அந்நியக் குறுக்குவில் வீரரை நாட்டைவிட்டு வெளியேற்றச் சொல்கிறது. விளையாட்டிலே குறுக்குவில் உச்ச விலையுள்ள கள்ளச்சரக்காய் இருப்பது பொருத்தமே.

மிளகு விஷயத்தில் மட்டும் விளையாட்டு வரலாற்றோடு முரண்படுகிறது. மத்தியகால இங்கிலாந்தில் மிளகு தடைசெய்யப்பட்ட பொருளன்று. 1180 அளவிலேயே இலண்டனில் மிளகு வணிகருக்கென ஒரு சங்கம் இருந்தது. மலையாளக் கரையிலே விளைந்து, அரபிக்கடல் கடந்து, எகிப்து வழியாக வெனிஸ் வணிகரின் கையேறிப் போன அச்சரக்கை, அங்கே நிலவாடகையாகவும் அளந்து கொடுத்தார்கள். நமது அடுக்களைப் பொருளுக்கு அவ்வளவு மதிப்பு!

பெரியோரின் கேள்விக்குத் திரும்புவோம். பணம் வைத்து ஆடுவதில்லை. பொன்னெல்லாம் மட்டை வில்லைகள். ஆதலாற் சூது என்னும் பேச்சுக்கு இடமில்லை. பொய் இருக்கிறது, அதை மறைக்கப்போவதில்லை. ஆனால் நாம் கவனித்த வேறொன்றுண்டு. நமது தோழரிற் பலர் எழுதுவினைஞர் பரீட்சைக்கும் நிருவாக சேவைப் பரீட்சைக்கும் படித்துக்கொண்டிருக்கிறார்கள். மேசையின் அப்புறத்தில், விண்ணப்பத்தோடு வரிசையில் நின்ற அநுபவம் நம் எல்லோர்க்கும் உண்டு. இப்புறத்தில் அமர்ந்த அநுபவம் இல்லை. ஷெரீப் நாற்காலியில் அமர்ந்தவன் இரண்டு நேர்மையான பைகளைத் திறந்து இருபது பொன் இழந்துவிட்டால், மூன்றாவது பையை நெருங்கவே அவன் கை நடுங்குகிறது. அந்நேரத்தில் ஒருவன் நாலு பொன்னைத் தள்ளி வைக்கிறான். திறந்தால் என்ன வருமோ தெரியாது. இந்த நாலு பொன் நிச்சயம். வாங்கிவிடுகிறான். கைக்கூலி வாங்குகிறவன் பேராசைக்காரன் என்றே நாம் படித்து வந்தோம். நட்டத்துக்கு அஞ்சி, அலுத்துப்போய் வாங்குகிறவனை இம்மேசையிலேதான் முதன்முதலிற் கண்டோம். முகத்திலே வெட்கமும் இருந்தது. அதற்கு ஐந்து நிமிடம் முன்னர், அதே ஆள்தான் வாயிலின் மறுபக்கத்தில் நின்று பொன்னை நீட்டியவன்.

குறைகளும் உள. உரத்துப் பேசுபவர் மேசையை ஆள்கிறார். கூச்சமுள்ள தம்பிமார் ஒதுங்கிப் போகிறார்கள். இன்னும் பெரிய குறை, சந்தைக்குப் பாண் வாங்க வந்தவனை இதிற் காணவே முடியாது. வணிகன் கொடுத்த கைக்கூலி யாருடைய விலையிற் போய் ஏறுகிறது என்பதற்குச் சீட்டே இல்லை. ஷெரீப்பும் வணிகரும் தமக்குள்ளே தீர்த்துக்கொண்டு வீடு போகிறார்கள்.

ஆகவே நமது வேண்டுகோள் இதுதான். சனிக்கிழமை மாலைகளில், பெரியவர் ஒருவர் உடனிருக்க, இவ்விளையாட்டை ஆட அனுமதி தரவேண்டும். ஐவருக்கு மேல் ஆட இயலாதாகையால் பெயர்களை முன்கூட்டியே பதியலாம். முதல் நாளில் முதலாவது ஷெரீப்பாக, இக்கேள்வியை எழுப்பிய பெரியவரே அமரும்படி கேட்டுக்கொள்கிறோம். பெட்டி வாசிகசாலை அலுமாரியின் மேற்றட்டில் இருக்கிறது. திறப்பு நூலகப் பொறுப்பாளரிடம் உண்டு.