மாற்றச்சு இல்லா வண்டி
(வழியில் மாண்ட சரக்குந்து ஓட்டுநர்களை நினைந்து ஆற்றிய உரை)



கோட்டை கட்டியவர்க்கும் கொடி ஏற்றியவர்க்கும் நினைவுநாள் எடுக்கின்றது நாடு. மனைவி மக்களின் பொருட்டு இரவெல்லாம் கண்விழித்து வண்டியோட்டி, ஒருநாள் வழியிலேயே மாண்டு போனவர்க்கு யார் எடுப்பது? வீட்டார் எடுப்பர். அவர் கொணர்ந்த உப்பை உண்ட ஊரும் எடுத்தல் வேண்டும்.

மீமிசல் மக்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊரின் ஒருபால் பாக்கு நீரிணை. ஊரை ஊடறுத்துச் செல்வது கிழக்குக் கடற்கரைச் சாலை. இக்கரையின் உப்பும் மீனும் உள்நாட்டை அடைவது, ஊரார் ‘லாரி’ என்றழைக்கும் சரக்குந்தினால்.

இத்தொழில் தமிழனுக்குப் புதிதன்று. தேர் செலுத்துவோனை ‘வலவன்’ என்றனர் நம் முன்னோர். உப்பு வண்டிகளை வரிசை வரிசையாக ஓட்டிச் சென்றோரை ‘உமணர்’ என்றனர். நெடுவழியில் அச்சு முறியுமோ என்றஞ்சி, வண்டியின் அடிமரத்தில் வேறோர் அச்சினையும் கட்டிக்கொண்டு சென்றனர் உமணர். புறநானூற்றின் 102ஆம் பாட்டில் ஔவையார், அதியமான் மகன் பொகுட்டெழினியை அந்த மாற்றச்சுக்கே ஒப்பிட்டார். வழிச்செல்வோனின் அச்சமும் முன்னறிவும் புலவர்க்கும் தெரிந்திருந்தன!

இன்னொன்றும் எண்ணத்தக்கது. உமணர் குடும்பத்தொடு சென்றனர். குழந்தையையுடைய உமணப்பெண் எருதுகளை ஓட்டி வருவதைப் பெரும்பாணாற்றுப்படை காட்டுகின்றது. உமணச் சிறுவர் குரங்கொடு கிலுகிலுப்பை ஆடி மகிழ்ந்ததைச் சிறுபாணாற்றுப்படை காட்டுகின்றது. வழியே அவர்க்கு வீடாயிற்று.

இன்றைய ஓட்டுநர்க்கோ வீடு ஒருபுறம், வழி ஒருபுறம். பிள்ளை தவழ்ந்த நாளில் அவர் ஒரு சாலையில்; நடந்த நாளில் வேறொரு சாலையில். குடும்பத்தை உயிரினும் மேலாக நேசிப்பவர் அக்குடும்பத்தைப் பிரிந்தே வாழ்நாளைக் கழிக்கின்றார். உமணன் வண்டிக்கு மாற்றச்சு இருந்தது. இவர் குடும்பமாகிய வண்டிக்கோ இவர் ஒருவரே அச்சு.

அந்த அச்சு முறிந்தால் என்னாகும்? 2024ஆம் ஆண்டு (தி.பி. 2055) சூலை 16ஆம் நாள், கருநாடகத்து வடகன்னட மாவட்டச் சிரூரில், மழையால் மலை சரிந்து 66ஆம் நாட்டு நெடுஞ்சாலையின் மேல் விழுந்தது. சாலையோரத் தேநீர்க்கடையும், அங்கு இளைப்பாற நின்ற வண்டிகளும் மண்ணிலும் கங்காவளி ஆற்றிலும் புதைந்தன. மாண்டோருள் தமிழ்நாட்டு ஓட்டுநரும் இருந்தனர். மரமேற்றி வந்த கோழிக்கோட்டு இளைஞர் ஒருவரின் சரக்குந்து, செபுதம்பர் 25ஆம் நாளன்றே ஆற்றினின்று மீட்கப்பட்டது. அவருடலும் அதனுள் இருந்தது. அவர் மகனின் விளையாட்டு வண்டியும் இருந்தது. தமிழர் ஆயினும் மலையாளத்தார் ஆயினும் தந்தையர் நெஞ்சம் ஒன்றே!

மலைச்சரிவு இயற்கையின் செயல் என்பர். உறக்கமின்மை யார் செயல்? 1961ஆம் ஆண்டின் உந்துப் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம், பணிநேரத்தை நாளுக்கு 8 மணி, கிழமைக்கு 48 மணி என வரையறுத்தது. ஐந்து மணி நேரப் பணிக்கிடையே அரைமணி ஓய்வும் விதித்தது. நெடுந்தொலைவு ஓட்டத்திற்கும் நாளுக்கு 10 மணி, கிழமைக்கு 54 மணி என்பதே எல்லை. ஆயினும் ஐவர்க்குக் குறையாமல் பணிசெய்யும் நிறுவனங்களுக்கே அது செல்லும் என்றமையால், ஓரிரு வண்டி வைத்திருப்போரிடம் உழைத்தவர்க்கு அது எட்டாக்கனி ஆயிற்று. அச்சட்டம் இன்று புதிய தொழிற்சட்டத் தொகுப்பில் அடங்கிவிட்டது. புதிதாக உருவாக்கப்படும் பெருஞ்சரக்குந்துகளில் ஓட்டுநர் அறைக்குக் குளிரூட்டி வேண்டும் என்றும் விதித்துள்ளனர். நன்று! உடலுக்குக் குளிர்ச்சி கிடைக்கும். கண்ணுக்கு உறக்கம் யார் தருவது?

பெரியீர்! மாண்ட ஓட்டுநர்க்கு மாலையிட்டு மீள்வது நினைவேந்தல் ஆகாது. சரக்கை ஒப்புவிக்கும் வணிகர், ஓட்டுநர் உறங்கும் நேரத்தையும் கணக்கிட்டு நாள் குறித்தல் வேண்டும். வண்டிக்குக் காப்பீடு செய்யும் உரிமையாளர், ஓட்டுநர்க்கும் அதனைச் செய்தல் வேண்டும். சாலைவரி பெறும் அரசு, சாலையோரம் ஓய்விடமும் தூய நீரும் கழிப்பிடமும் அமைத்தல் வேண்டும். ‘லாரிக்காரன்’ என்று இகழும் நாக்கு, ‘ஓட்டுநர்’ என்று மதித்துச் சொல்லப் பழகுதல் வேண்டும்.

தந்தையை இழந்த வீட்டிற்கு மாற்றச்சு யாது? கணவனை இழந்தாளின் கைத்தொழிலுக்கும், அவள் பிள்ளைகளின் கல்விக்கும் துணைநிற்கும் ஊரே அம்மாற்றச்சு. அவர் சுமந்த உப்பை உண்டோம்; அந்நன்றியை மறவாதிருப்போம்!